மகனீசியமா, பொற்றாசியமா? இறைபோசோம் அயன்களை இனங்காணக் கொழும்பு மாணவர் தெரிவு செய்யக்கூடிய வழிகள்

மூலக்கூறுகளின் கட்டமைப்புகளைச் சேமித்துவைக்கும் புரதத் தரவு வங்கியிலிருந்து, ஒரு பற்றீரியா இறைபோசோமின் (கலத்தில் புரதத்தைத் தொகுக்கும் பொறியின்) கோப்பை இறக்கி, அதன் கடைசிப் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். ஆர்.என்.ஏ.யும் புரதங்களும் முடிந்த பிறகு, தனித்தனி அயன்களுக்கென்றே நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கும். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் பெயர் மகனீசியம். கட்டமைப்பை அறியப் பயன்பட்ட எக்ஸ் கதிரோ இலத்திரன் கற்றையோ அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அவை காட்டியது அடர்த்தி கூடிய ஒரு சிறு புள்ளியை மட்டுமே. அதற்குப் பெயர் வைத்தவர் அணுக்களின் மாதிரியுருவைக் கட்டிய ஆய்வாளர். சில இடங்களில் அந்தப் பெயருக்கு நல்ல சான்று உண்டு. பல இடங்களில் முன்பிருந்தவர்கள் அப்படி எழுதினார்கள் என்பதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

கொழும்பில் உயிரிரசாயனவியலிலோ மூலக்கூற்று உயிரியலிலோ பட்டமேற்படிப்பைத் தொடங்கும் மாணவர்கள், இந்தப் பெயர்களைச் சரிபார்ப்பதை ஆய்வுத் தலைப்பாக எடுக்கலாமா, எடுத்தால் எந்த முறையில் செய்வது என்று கேட்கிறார்கள். எடுக்கலாம் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் முறையைத் தவறாகத் தெரிவுசெய்தால் ஓராண்டு முழுவதும் மாதிரி தயாரிப்பதிலும் வெளிநாட்டுக் கருவிக்கு விண்ணப்பிப்பதிலும் போய்விடும். அதனால் இருக்கிற வழிகளை, இங்கிருந்து செய்யக்கூடியவரின் கண்ணால், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில், குழப்பம் எங்கே பிறக்கிறது என்பது. மகனீசிய அயனிடம் பத்து இலத்திரன்கள். சோடிய அயனிடமும் பத்து. அமோனிய அயனிடமும் பத்து. ஒரு நீர் மூலக்கூறிலும் பத்துத்தான். எக்ஸ் கதிரைச் சிதறடிப்பவை இலத்திரன்கள் என்பதால், நடுத்தரப் பிரிதிறனுள்ள (அதாவது நடுத்தர நுணுக்கமுள்ள) அடர்த்திப் படத்தில் இந்த நான்கும் ஒரே உருவம். பொற்றாசியத்துக்குப் பதினெட்டு இலத்திரன்கள். அது வேறுபட்டுத் தெரிய வேண்டும். ஆனால் ஓரிடத்தைப் பாதி மூலக்கூறுகளில் மட்டும் நிரப்பியிருக்கும் பொற்றாசியம், முழுதாக நிரப்பியிருக்கும் நீரைப் போலவே தோன்றும். இறைபோசோம் ஆய்வுகூடங்களின் தாங்கற் கரைசல்களில் மகனீசியமும் பொற்றாசியமும் அமோனியமும் சேர்ந்தே இருப்பது வழக்கம். ஆகவே எந்தப் பெயரையும் "அது கரைசலில் இல்லையே" என்று எளிதில் தள்ளிவிட முடியாது.

ஈ.கோலை என்ற பற்றீரியாவின் இறைபோசோமில், 16எஸ் ஆர்.என்.ஏ.யில் (எஸ் என்பது சுழற்றும்போது படியும் வேகத்தைக் கொண்டு பருமனைக் குறிக்கும் அலகு) 1542 நியூக்கிளியோடைட்டுகள், அதாவது ஆர்.என்.ஏ. இழையின் அலகுகள், 23எஸ் இல் 2904, 5எஸ் இல் 120. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொசுபேற்று, ஒவ்வொரு பொசுபேற்றிலும் ஓர் எதிர் ஏற்றம். இத்தனை எதிர் ஏற்றங்களை நெருக்கி மடிப்பதற்கு நேரேற்ற அயன்கள் தேவை. மகனீசியத்தின் செறிவைக் குறைத்தால் முழு இறைபோசோமான 70எஸ், 16எஸ் ஐக் கொண்ட 30எஸ், 23எஸ் ஐயும் 5எஸ் ஐயும் கொண்ட 50எஸ் என இரண்டு உப அலகுகளாகப் பிரிந்துவிடும் என்பது 1950களிலிருந்தே தெரிந்த செய்தி. மகனீசியம் இன்றியமையாதது என்ற அந்த உண்மைதான், தெரியாத புள்ளிகளுக்கெல்லாம் மகனீசியம் என்று பெயர் வைக்கும் பழக்கத்துக்கும் வழிவிட்டது என்று நினைக்கிறேன். உயிருள்ள ஈ.கோலை கலத்துக்குள் மிகுதியாக இருக்கும் நேரயன் பொற்றாசியம். கட்டுண்ணாத மகனீசியம் சில மில்லிமோல் அளவைத் தாண்டுவதில்லை.

இதில் பெயருக்கு என்ன பெறுமதி என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. எலிக்காய்ச்சல் பரவும் காலத்தில் வயலில் இறங்கும் விவசாயிகளுக்கு இந்த நாட்டில் டொக்சிசைக்கிளின் கொடுக்கிறார்கள். அந்த மருந்து சேர்ந்த டெட்ராசைக்கிளின் குடும்பம், 30எஸ் உப அலகின் ஆர்.என்.ஏ. முதுகெலும்பை ஒரு மகனீசிய அயனின் வழியாகவே பற்றிக்கொள்கிறது. அந்த இடத்தில் இருப்பது இரட்டை ஏற்றமா ஒற்றை ஏற்றமா என்பது மாறினால், புதிய மருந்து மூலக்கூறுகளை அங்கே பொருத்திப் பார்க்கும் கணிப்புகள் அனைத்தும் மாறும். அந்தக் குறிப்பிட்ட இடத்தில் மகனீசியம் என்ற பெயர் நன்றாகவே நிற்கிறது. அதன் அக்கம்பக்கத்துப் புள்ளிகள் எல்லாவற்றுக்கும் அதே உறுதி இல்லை.

தூரத்தையும் வடிவத்தையும் அளந்து பார்ப்பது

நான் முதலில் வைப்பது இதைத்தான். நீளமாக எழுதப்போவதும் இதைப் பற்றித்தான். புதிய தரவு எதுவும் வேண்டாம். பிறர் வெளியிட்ட அணு ஆயங்களையும் அடர்த்திப் படங்களையும் எடுத்து, ஒவ்வோர் அயனும் தன் சுற்றத்தோடு எப்படி நிற்கிறது என்று பரிசோதிக்க வேண்டும்.

அயன்கள் இந்த விடயத்தில் ஒழுங்கானவை. மகனீசியம் ஆறு ஒட்சிசன்களை எண்முகியின் ஆறு முனைகளிலும் நிறுத்தும். தூரம் ஏறத்தாழ 2.1 அங்ஸ்ட்ரோம் (ஓர் அங்ஸ்ட்ரோம் மீற்றரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), அடுத்தடுத்த இரண்டு ஒட்சிசன்களுக்கு நடுவே 90 பாகை. சோடியத்துக்குத் தூரம் சுமார் 2.4, சுற்றத்தின் எண்ணிக்கை ஐந்து அல்லது ஆறு, வடிவம் அவ்வளவு கறாராக இராது. பொற்றாசியத்துக்குச் சுமார் 2.8, ஆறு முதல் எட்டு வரை, சில வேளை அதற்கும் மேல். நாகம் (துத்தநாகம்) பெரும்பாலும் புரதத்திலுள்ள நான்கு சிஸ்டீன் கந்தகங்களின் நடுவே, நான்முகி வடிவில், 2.3 அங்ஸ்ட்ரோம் தூரத்தில் இருக்கும்.

ஆகவே "மகனீசியம்" என்று எழுதப்பட்ட ஒரு புள்ளி, தன் அருகிலுள்ள ஒட்சிசன்களிலிருந்து 2.7 அல்லது 2.8 அங்ஸ்ட்ரோமில் நின்றால் அந்தப் பெயர் பெரும்பாலும் பிழை. அது பொற்றாசியமாகவோ அமோனியமாகவோ நீராகவோ இருக்கலாம். இந்த மூன்றையும் தூரத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது என்பதுதான் சிக்கல். இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு சோதனை உண்டு: சுற்றத்தில் ஐதரசனை நீட்டிக்கொண்டிருக்கும் நைதரசன் எதுவும் இருக்கிறதா என்று பார்ப்பது. ஆர்.என்.ஏ.யின் மூலங்களான குவானினின் அமினோக் கூட்டமோ, யுராசிலின் மூன்றாம் நைதரசனோ தன் ஐதரசனை அந்தப் புள்ளியை நோக்கி நீட்டி 2.9 அங்ஸ்ட்ரோமில் நின்றால், அங்கே இருப்பது நேரேற்ற அயனாக இருக்க முடியாது. நேரேற்றமும் சிறிதளவு நேரேற்றமுள்ள ஐதரசனும் முகத்தோடு முகம் அவ்வளவு நெருக்கமாக நில்லா. அது நீர், அல்லது ஓர் எதிரயன். மாறாக, ஏழெட்டு ஒட்சிசன்கள் சூழ, ஐதரசன் நீட்டும் அணு ஒன்றும் இல்லாமல் ஒரு புள்ளி இருந்தால், நான்கு ஐதரசன் பிணைப்புகளுக்கு மேல் வசதியாகத் தாங்காத நீர் அங்கே இருக்க வழியில்லை. பொற்றாசியம் என்பதே இயல்பான விடை.

எந்த அணுவை எந்த அயன் விரும்பும் என்பதும் உதவுகிறது. மகனீசியம் பொசுபேற்றின் தனித்த ஒட்சிசன்களை நேராகப் பற்ற விரும்பும். குவானின், யுராசில் மூலங்களின் காபனைல் ஒட்சிசன்களை நேராகத் தொடுவது அதற்கு அரிது. ஒற்றை ஏற்ற அயன்களுக்கோ அவை மிக நல்ல இருக்கைகள். குவானினின் ஏழாம் நைதரசனையும் மகனீசியம் தன் நீர் ஓடு (தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகள்) வழியாகவே பெரும்பாலும் அணுகும். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் பாஸ்கல் ஓஃபிங்கரும் அவருடன் பணிபுரிபவர்களும் பல ஆண்டுகளாகச் செய்துவரும் மறுபரிசோதனைகள் இந்த விதிகளை நன்கு நிலைநாட்டியிருக்கின்றன. வெளியான கட்டமைப்புகளில் மகனீசியம் மூலத்தின் நைதரசனை நேராகத் தொடுவதாகக் காட்டப்பட்ட இடங்களில் கணிசமானவை ஐயத்துக்குரியவை என்பதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். 2004 இலேயே மூர், ஸ்டைட்ஸ் ஆகியோரின் குழு, சாக்கடலில் வாழும் ஹலோஆர்குலா என்ற ஆர்க்கியாவின் (பற்றீரியாவிலிருந்து வேறான ஒரு நுண்ணுயிர்ப் பிரிவு) 50எஸ் உப அலகை இப்படிப் பொறுமையாக அலசி, 116 மகனீசியத்தையும் 88 ஒற்றை ஏற்ற அயன்களையும் தனித்தனியே பிரித்துக் காட்டியது. அது பற்றீரியா அல்ல. ஆனால் செய்ய முடியும் என்பதற்கு முன்மாதிரி.

இனி இந்த வழியின் பலவீனம். அதை மறைத்துத் தலைப்பைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. பிரிதிறன் 2.5 அங்ஸ்ட்ரோமைவிட மோசமானால் (அதாவது எண் பெரிதானால்), ஓர் அணுவின் இடத்திலேயே 0.2, 0.3 அங்ஸ்ட்ரோம் வழு இருக்கும். மகனீசியத்துக்கும் சோடியத்துக்கும் இடையிலான வேறுபாடே அவ்வளவுதான். நீர் ஓட்டுடன் இருக்கும் மகனீசியமோ, 3 அங்ஸ்ட்ரோமில் ஆறு நீரும் நடு அயனும் கரைந்து ஒரே கட்டியாகத் தெரியும். இரண்டாவது ஆபத்து இன்னும் நுண்ணியது. மாதிரியுருவைச் செம்மைப்படுத்தும் மென்பொருளுக்கு "இது மகனீசியம், ஒட்சிசனிலிருந்து 2.1 இல் வை" என்று முன்கூட்டியே கட்டளை கொடுக்கலாம். அப்படிச் செய்திருந்தால் 2.1 என்று நாம் அளப்பது இயற்கையின் விடை அல்ல; ஆய்வாளர் போட்ட உத்தரவின் எதிரொலி. கோப்பிலுள்ள எல்லா மகனீசிய–ஒட்சிசன் தூரங்களையும் ஒரு பரம்பல் வரைபடமாக இட்டுப் பார்த்தால் இது வெளிப்படும். 3 அங்ஸ்ட்ரோம் கட்டமைப்பு ஒன்றில் தூரங்கள் எல்லாம் ஊசிமுனை போல ஓரிடத்தில் குவிந்திருந்தால், அந்தக் கோப்பை வைத்து வடிவத்தைச் சோதிப்பதில் பயனில்லை. மூன்றாவது, பொற்றாசியத்தையும் அமோனியத்தையும் வடிவத்தால் நிச்சயமாகப் பிரிக்க முடியாது. தனிமத்தை நேராகக் காட்டும் சான்று ஒன்று வேறெங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை இதற்கு ஈடு இல்லை. கூட், கைமேரா எக்ஸ் ஆகிய மென்பொருள்கள் கல்விப் பயனுக்கு இலவசம். வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் செக் மை மெட்டல் என்ற இணையச் சேவை, ஒவ்வோர் உலோகத்துக்கும் தூரம், கோணம், ஏற்றச் சமநிலை ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுத் தருகிறது. முழு இறைபோசோம் நீர் தவிர்த்தே ஒன்றரை இலட்சம் அணுக்கள் அளவிலானது என்பதால் மடிக்கணினியில் 16 ஜிகாபைட் நினைவகமாவது வேண்டும். வெள்ளவத்தையில் ஓர் அறையில் இருந்துகொண்டே இந்த ஆய்வின் பெரும்பகுதியைச் செய்துவிடலாம். பல்கலைக்கழக இணைப்பு தேவைப்படுவது அடர்த்திப் படங்களை இறக்குவதற்கு மட்டும்.

பொற்றாசியத்தின் விளிம்பு அலைநீளம்

தனிமத்தை நேராகவே காட்டும் வழி ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஒவ்வொரு தனிமமும் குறிப்பிட்ட சக்தியுள்ள எக்ஸ் கதிரை விழுங்கத் தொடங்கும் ஓர் எல்லை, அதாவது விளிம்பு, இருக்கிறது. பொற்றாசியத்துக்கு அது 3.608 கிலோ இலத்திரன்வோல்ற்று, அலைநீளமாகச் சொன்னால் 3.44 அங்ஸ்ட்ரோம். அந்த எல்லைக்குச் சற்று மேலே ஒருமுறையும் சற்றுக் கீழே ஒருமுறையும் அதே பளிங்கின் எக்ஸ் கதிர்ச் சிதறலை அளக்க வேண்டும். பொசுபரசின் எல்லை 2.15, கந்தகத்தின் எல்லை 2.47 கிலோ இலத்திரன்வோல்ற்று என்பதால் அவை இரண்டு அளவீடுகளிலும் தெரியும். கல்சியத்தின் எல்லை 4.04, இரண்டிலும் அது எழாது. மேலே மட்டும் எழுந்து கீழே மறைவது பொற்றாசியம் ஒன்றே. வடிவம், தூரம், அனுபவம் எதையும் கலக்காமல் தனிமமே தன்னைக் காட்டிக்கொள்கிறது.

இதற்குத் தடையாக இருந்தது காற்று. இவ்வளவு நீண்ட அலைநீளக் கதிரைக் காற்று விழுங்கிவிடும். இங்கிலாந்தின் டயமண்ட் சின்குரோட்ரானில் (வலிமையான எக்ஸ் கதிரை உண்டாக்கும் பெரும் கருவி) ஐ23 என்ற கதிர்வழி, மாதிரியையும் உணரியையும் வெற்றிடத்துக்குள்ளேயே வைத்து இதைத் தாண்டியது. அங்கே தெர்மஸ் தெர்மோஃபிலஸ் பற்றீரியாவின் 70எஸ் பளிங்குகளை ஸ்ட்ராஸ்பூர்க்கின் யூசுபோவ் குழு அளந்து 2019 இல் வெளியிட்ட ஆய்வு, இறைபோசோமுக்குள் நூற்றுக்கணக்கான பொற்றாசிய அயன்களை இடம் குறித்துக் காட்டியது. குறியீட்டை வாசிக்கும் மையத்தில், தூது ஆர்.என்.ஏ.யைத் தாங்கும் இடத்திலும் பொற்றாசியம் இருந்தது. அதுவரை மகனீசியம் என்று நம்பப்பட்ட பல இடங்களும் அதில் அடங்கும். இத்துறையில் அண்மையில் வந்த ஆய்வுகளுள் என் மனத்தை மிகவும் அசைத்தது இதுவே.

ஆனால் இதே முறையை மகனீசியத்துக்குப் பயன்படுத்த முடியாது, ஒருநாளும். மகனீசியத்தின் எல்லை 1.3 கிலோ இலத்திரன்வோல்ற்று, அலைநீளம் 9.5 அங்ஸ்ட்ரோம். ஒரு கதிரால் அதன் அலைநீளத்தில் பாதியைவிட நுணுக்கமாகப் பார்க்க இயலாது. ஆக மிகச் சிறந்த பளிங்கிலும் 4.75 அங்ஸ்ட்ரோம்தான் கிடைக்கும். அதில் அயன்கள் தெரியா. பொற்றாசியம் எங்கே இருக்கிறது என்பதை இந்த முறை உறுதியாகச் சொல்லும். மீதமுள்ள புள்ளி மகனீசியமா, சோடியமா, நீரா என்பதை மறுபடியும் வடிவத்திடம்தான் கேட்க வேண்டும். நாகம், இரும்பு, மங்கனீசு ஆகியவற்றுக்குத் தடை இல்லை. அவற்றின் எல்லைகள் வழக்கமான கதிர்வழிகளிலேயே கிடைக்கும்.

கொழும்பிலிருந்து இது எட்டுமா? இலங்கையில் சின்குரோட்ரான் இல்லை. இந்தூரில் இருக்கும் இந்தஸ் 2 அருகில் உள்ளது. ஆனால் இவ்வளவு நீண்ட அலைநீளத்தில், வெற்றிடத்துக்குள், இவ்வளவு பெரிய பளிங்கலகை அளப்பது தனிப்பட்ட வசதி. அதைவிடப் பெரிய தடை பளிங்கு. அடா யோனத் இறைபோசோமைப் பளிங்காக்கும் முயற்சியைத் தொடங்கியது 1980 வாக்கில். அணு அளவிலான கட்டமைப்பு கைக்கு வந்தது 2000 இல். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் தாமஸ் ஸ்டைட்ஸும் யோனத்தும் 2009 இல் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டதற்குப் பின்னால் இருபது ஆண்டு உழைப்பு இருக்கிறது. இன்று செய்முறைகள் தெரிந்தவை என்றாலும், நன்றாகச் சிதறும் 70எஸ் பளிங்கை இங்கே முதன்முறையாக வளர்த்தெடுப்பதை ஒரு முதுகலை மாணவரின் தலையில் ஏற்ற நான் ஒப்ப மாட்டேன். வெளிநாட்டில் இணை மேற்பார்வையாளர் ஒருவர் ஏற்கெனவே பளிங்குகளை வளர்த்துக்கொண்டிருந்தால் மட்டும், கலாநிதிப் பட்ட ஆய்வாக, இதைத் தயங்காமல் எடுங்கள்.

குளிர்நிலை இலத்திரன் நுணுக்குக்காட்டி

பளிங்கே வேண்டாம் என்பது இதன் பெரிய வரம். இறைபோசோம் கரைசலின் ஒரு துளியை மெல்லிய படலமாக்கி நொடிக்குள் உறைய வைத்து, இலட்சக்கணக்கான துணிக்கைகளின் படங்களைச் சேர்த்து முப்பரிமாண உருவம் பெறுகிறார்கள். 2020 இல் ஜேமி கேட் குழுவின் ஈ.கோலை கட்டமைப்பு 2 அங்ஸ்ட்ரோமை எட்டியது. 2023 இல் வெளியான இன்னொன்று 1.55 அங்ஸ்ட்ரோம் வரை போயிருக்கிறது. தரவு வங்கியில் அதன் எண் 8பி0எக்ஸ். இந்த நுணுக்கத்தில் நல்ல பகுதிகளில் மகனீசியத்தைச் சூழ்ந்த ஆறு நீரும் தனித்தனியே தெரியும். எண்முகியைக் கண்ணால் பார்க்கலாம். மேலே சொன்ன வடிவச் சோதனைக்கு இதைவிடச் சிறந்த களம் இன்று பற்றீரியா இறைபோசோமுக்கு எனக்குத் தெரியவில்லை.

எனினும் இலத்திரன் கற்றை அணுவின் மின் அழுத்தத்தையே உணர்கிறது. அயனின் ஏற்றம் படத்தின் செறிவை மாற்றும். எந்த அளவுக்கு என்பது பிரிதிறனையும் செம்மைப்படுத்தலையும் பொறுத்தது. தனிமத்துக்கென்று விளிம்பு அலைநீளம் போன்ற தனிச்சாவி இதில் கிடையாது. அத்துடன் 1.55 என்பது சராசரி. 50எஸ் உப அலகின் உட்கரு (நடுப்பகுதி) அதனினும் கூர்மையாகவும், அசைந்துகொண்டிருக்கும் 30எஸ் இன் தலைப்பகுதி அதைவிட மங்கலாகவும் இருக்கும். எனவே ஓர் அயனின் பெயரை நம்பலாமா என்பதை அந்த இடத்தின் உள்ளூர்ப் பிரிதிறனைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

உயர்தர நுணுக்குக்காட்டி ஒன்றின் விலை பல மில்லியன் டொலர். பெங்களூரில் தேசிய வசதி ஒன்று இருக்கிறது. பறந்தால் அதிக தூரமில்லை. ஆனாலும் ஈ.கோலையைப் பொறுத்தவரை ஏற்கெனவே வெளியாகியிருக்கும் படத்தைவிட நல்ல படத்தை நாம் எடுப்போம் என்று எதிர்பார்க்க முடியாது. இன்னும் யாரும் பார்க்காத, நோயைத் தரும் ஒரு பற்றீரியாவின் இறைபோசோம் என்றால் மட்டுமே அந்தப் பயணத்துக்குப் பொருள் உண்டு.

மொத்த உலோகத்தை அளப்பது, கணினியில் அசைத்துப் பார்ப்பது

தூய்மையாக்கிய இறைபோசோமை அமிலத்தில் கரைத்து, பிளாஸ்மாத் திணிவு நிறமாலைமானியில் செலுத்தினால் எந்த உலோகம் எவ்வளவு என்று தெரியும். உணவிலும் குடிநீரிலும் ஈயமோ ஆர்செனிக்கோ இருக்கிறதா என்று சோதிக்கும் ஆய்வுகூடங்கள் பயன்படுத்தும் அதே வகைக் கருவி. எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லாது. மகனீசியத்துக்கும் பொற்றாசியத்துக்கும் இது அநேகமாகப் பயனற்றது. கரைசலில் அவை நிறைய இருப்பதால் ஒட்டியிருப்பது எது, மிதப்பது எது என்று பிரிக்க முடியாது. கழுவினால் தளர்வாக இருந்தவை போய்விடும்.

நாகத்துக்கு நிலைமை வேறு. ஈ.கோலை இறைபோசோமின் எல்31, எல்36 என்ற புரதங்களில் அது இறுக்கமாகக் கட்டுண்டிருக்கிறது. நாகம் கிடைக்காமல் போனால் ஈ.கோலையும் பசில்லஸ் சப்டிலிஸ் என்ற பற்றீரியாவும் எல்31க்குப் பதிலாக நாகம் வேண்டாத அதன் உடன்பிறப்புப் புரதத்தை உருவாக்கிப் பொருத்திக்கொள்கின்றன. இறைபோசோம் இங்கே கலத்தின் நாகச் சேமிப்பாகவும் தொழிற்படுகிறது. 2018 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாத் தொழில்நுட்ப நிறுவனத்தார், ஒட்சிசன் இல்லாத சூழலில் மகனீசியத்தின் இடத்தில் இரும்போ மங்கனீசோ நின்றும் புரதத் தொகுப்பு நடைபெறும் என்று காட்டியபோதும், மொத்த உலோக அளவீடு அவர்களுக்குக் கைகொடுத்தது. கையால் வேலை செய்வதில் விருப்பமுள்ள மாணவருக்கு இது நல்ல தலைப்பு. கண்ணாடிக் கலங்களிலிருந்தும் தூசியிலிருந்தும் நாகம் மாதிரிக்குள் வந்துவிடும். இறைபோசோம் சேர்க்காத வெற்று மாதிரியை ஒவ்வொரு தடவையும் உடன் அளக்காத தரவை நான் ஏற்க மாட்டேன்.

கணினியில் அணுக்களை அசைத்துப் பார்க்கும் மூலக்கூற்று இயக்கக் கணிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மகனீசியம் தன் நீரில் ஒன்றை மாற்றிக்கொள்ளவே மைக்ரோசெக்கன் அளவு காலம் எடுக்கும். கணிப்பைத் தொடங்கும்போது எங்கே வைத்தோமோ அங்கேயே அது பெரும்பாலும் நிற்கும்; அதை விடை என்று எடுத்துக்கொள்ள முடியாது. பொற்றாசியத்துக்கு ஓரளவு பயன்படலாம். முதன்மை முறையாக இதை நான் பரிந்துரைக்கவில்லை.

எதைத் தெரிவுசெய்வது

செட்டியார் தெருவில் ஒரு நகையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், பொற்கொல்லர் அதன் வடிவத்தையும் எடையையும் பார்த்தே பெரும்பாலும் தரத்தைச் சொல்லிவிடுவார். ஐயம் வந்தால் உரைகல்லில் உரைப்பார். இந்த ஆய்விலும் அந்த இரண்டும் வேண்டும். கொழும்பிலிருந்து தொடங்கும் முதுகலை மாணவருக்கு என் பரிந்துரை தெளிவானது: 8பி0எக்ஸ் கட்டமைப்பின் அயன்களை வடிவத்தால் பரிசோதியுங்கள், 2019 ஆய்வின் பொற்றாசிய இடங்களை உரைகல்லாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றிடம் நுணுக்கம் இருக்கிறது, தனிமத்தின் நேர்ச் சான்று இல்லை. மற்றதிடம் நேர்ச் சான்று இருக்கிறது, நுணுக்கம் குறைவு. ஒன்று ஈ.கோலை, மற்றது தெர்மஸ். ஆனால் இறைபோசோம் ஆர்.என்.ஏ.யின் உட்கரு இந்த இரண்டு பற்றீரியாக்களிலும் மிக ஒத்திருப்பதால், ஒன்றின் மேல் மற்றதைப் பொருத்தி ஒரே இடத்துப் புள்ளிகளை ஒப்பிடலாம். தெர்மஸில் பொற்றாசியம் என்று கதிர் உறுதிசெய்த இடத்தில் ஈ.கோலைக் கோப்பு மகனீசியம் என்கிறதா? அங்கே தூரம் 2.1 ஆ, 2.8 ஆ? ஐதரசன் நீட்டும் நைதரசன் பக்கத்தில் உண்டா? உங்கள் வடிவ விதிகள் உறுதிப்பட்ட இடங்களில் எத்தனை வீதம் சரியாகச் சொல்கின்றன என்பதை முதலில் கணித்துவிட்டு, பிறகு உறுதிப்படாத இடங்களுக்குப் போகலாம். இந்த வரிசையில் செய்யப்பட்ட ஆய்வேட்டை வெளிநாட்டுப் பரிசோதகரும் மதிப்பார். கருவி இல்லாத குறையை அதில் யாரும் காட்ட முடியாது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இரு மாதிரிகளின் கரைசல்கள் வேறுபட்டவை. ஒன்றில் பொற்றாசியம் இருந்த இருக்கையில் மற்றதில் அமோனியம் இருந்தால் அது பிழை அல்ல. கட்டுரைகளின் செய்முறைப் பகுதியை வாசித்து உப்புகளின் செறிவை அட்டவணையில் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மேலும், ஒவ்வொரு புள்ளிக்கும் பெயர் வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "ஒற்றை ஏற்ற அயன், தனிமம் தீர்மானிக்கப்படவில்லை" என்பது முழுமையான விடை. அதை எழுதக் கூசாத மாணவரைத்தான் நான் இந்தத் தலைப்புக்குத் தேடுகிறேன்.

ஆய்வு முன்மொழிவைக் கொடுப்பதற்கு முன் ஒரேயொரு வேலையை முடித்துவிடுங்கள்: மகனீசிய–ஒட்சிசன் தூரங்களின் பரம்பலை 23எஸ் ஆர்.என்.ஏ.க்கும் 16எஸ் க்கும் தனித்தனியே வரைந்து, உள்ளூர்ப் பிரிதிறனோடு சேர்த்துப் பாருங்கள். 16எஸ் இன் தலைப்பகுதியில் தூரங்கள் பிரிதிறனுக்குப் பொருந்தாத அளவுக்கு நெருக்கமாகக் குவிந்திருந்தால், அந்தப் பகுதியை ஆய்வு எல்லையிலிருந்து நீக்கிவிட்டு 50எஸ் இன் உட்கருவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு அதுவே போதுமான வேலை.